அட்டை வந்துவிட்டது, ஆம்புலன்ஸில் ஏறலாமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் அதற்கு முன்னால் இ.எம்.டி. (ஆம்புலன்ஸில் நோயாளியைக் கவனிக்கும் அவசர மருத்துவப் பணியாளர்) சான்று வாங்கிக்கொள்வது தமிழ்க் குடும்பங்களிலும் வழக்கமாகிவிட்டது. கோர்ஸ் முடித்து, தேர்விலும் தேறிய பிறகு நோயாளியைத் தொட விடாமல் நிறுத்தி வைக்கிறார்களே என்ற கேள்வி கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அவசர மருத்துவப் பணியாளருக்கான பயிற்சி, தேர்வு, உரிமம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் மகள் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். ஊர் ஃபர்ஸ்ட் எய்டு ஸ்குவாடில் (தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவில்) தன்னார்வலராகச் சேர்ந்து இ.எம்.டி. படிக்க ஆசைப்படுகிறாள். 18 வயது ஆக வேண்டாமா? கட்டணத்தை நாங்கள்தான் கட்ட வேண்டுமா? – வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

வயதை முடிவு செய்வது மாநிலம். தேர்வு நடத்தும் தேசியப் பதிவகம் வயது வரம்பு எதையும் வைக்கவில்லை. நியூ ஜெர்சியில் 16 நிறைந்தால் போதும். 18-க்குள் என்றால் பெற்றோர் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் சான்று பெற 18 ஆக வேண்டும். உங்கள் மகள் 17 வயதில் வேறு மாநிலத்துக் கல்லூரிக்குப் போனால், கையில் இருக்கும் சான்று அங்கே சில மாதம் உறங்கக்கூடும்.

கட்டணத்துக்கு நியூ ஜெர்சியில் நல்ல வழி ஒன்று உண்டு. போக்குவரத்து விதிமீறல் அபராதங்களோடு வசூலாகும் சிறு தொகையிலிருந்து இ.எம்.டி. பயிற்சி நிதி ஒன்று நடக்கிறது. தகுதியுள்ள தன்னார்வ ஸ்குவாடின் உறுப்பினருக்குப் பயிற்சிச் செலவு அதிலிருந்து போகும். ஆகவே முதலில் ஸ்குவாடில் உறுப்பினராகி, அவர்கள் கடிதத்தோடு வகுப்பில் சேரச் சொல்லுங்கள். முதலில் பணம் கட்டி வகுப்பில் சேர்ந்துவிட்டு, பிறகு ஸ்குவாடைத் தேடினால் இந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

இன்னொன்று. கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால் இது அதிக விலை கொடுத்து வாங்கும் வரி. இரவுப் பணி வரும், வாந்தி துடைக்க வேண்டி வரும். அதற்குத் தயாரா என்று அவளையே கேளுங்கள்.

கேள்வி: மகன் டெக்சாஸில் தேசியப் பதிவகத் தேர்வு தேறி அட்டை வாங்கிவிட்டான். படிப்புக்காக கலிபோர்னியா போகிறான். 'தேசிய' என்றுதானே போட்டிருக்கிறது, அங்கே நேராக வேலைக்குச் சேரலாம்தானே? – வாசகர், டல்லாஸ்

சேர முடியாது. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் கையில் இருப்பதால் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை அல்லவா? பதிவக அட்டையும் அப்படித்தான். குறைந்தபட்ச அறிவும் திறனும் இருக்கிறது என்று ஒரு தனியார் அமைப்பு சோதித்துச் சொல்வது அது. ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் 1970-இல் தொடங்கிய அமைப்பு; அரசுத் துறை அல்ல. தொழில் செய்யும் உரிமையை மாநில அரசுதான் தர முடியும்.

மொத்தம் நான்கு பேர் தலையசைக்க வேண்டும். பயிற்சிப் பள்ளி, படித்து முடித்தான் என்று சொல்ல வேண்டும். பதிவகம், தேர்வில் தேறினான் என்று சொல்ல வேண்டும். மாநிலம் பின்னணி விசாரித்து உரிமம் தர வேண்டும். கடைசியாக, வேலை கொடுக்கும் ஆம்புலன்ஸ் சேவையின் மருத்துவ இயக்குநர், 'என் பொறுப்பில் இவன் இன்னின்னது செய்யலாம்' என்று சொல்ல வேண்டும். இந்த நான்காவதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டெக்சாஸில் எடை அதிகம் அதற்குத்தான். அங்கே பணியாளர் என்னென்ன செய்யலாம் என்பதற்கு மாநிலம் முழுமைக்கும் ஒரே பட்டியல் கிடையாது. மருத்துவர் தன் அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் முறை. ஒரே சான்று வைத்திருக்கும் இருவர், அடுத்தடுத்த ஊர்களில் வேறு வேறு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கலாம். மேரிலாந்து இதற்கு நேர் எதிர்: மாநிலம் முழுக்க ஒரே புரோட்டோகால் (சிகிச்சை நெறிமுறை) புத்தகம்.

கலிபோர்னியாவில் இ.எம்.டி. சான்றை வட்டார இ.எம்.எஸ். (அவசர மருத்துவ சேவை) முகமைகள் வழங்குகின்றன. முப்பதுக்கு மேல் இருக்கின்றன, சில ஒரே கவுண்டிக்கு, சில பல கவுண்டிகளுக்கு. இ.எம்.டி.க்கு மேல்படியான பாராமெடிக் உரிமம் மட்டும் மாநில முகமையிடம். உங்கள் மகன் செல்லுபடியாகும் பதிவக அட்டையோடு, கைரேகைப் பதிவும் முடித்து, ஒரு வட்டார முகமையில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு முகமை தந்த இ.எம்.டி. சான்று மாநிலம் எங்கும் செல்லும்.

மாநிலங்களுக்கு இடையிலான இ.எம்.எஸ். ஒப்பந்தம் ஒன்று உண்டு. 2017-இல் பத்தாவது மாநிலம் சேர்ந்ததும் உயிர் பெற்றது, 2020-இல் நடைமுறைக்கு வந்தது. டெக்சாஸ் உறுப்பு மாநிலம், கலிபோர்னியா இல்லை. இரண்டுமே உறுப்பாக இருந்தாலும், பணி நிமித்தம் எல்லை தாண்டுபவருக்குத்தான் அது உதவும். குடியே மாறினால் புது மாநிலத்தில் புது உரிமம் எடுத்தாக வேண்டும்.

உங்கள் மகனுக்கு ஒரு எச்சரிக்கை. டெக்சாஸ் சான்று 4 ஆண்டுக்குச் செல்லும். பதிவக அட்டை 2 ஆண்டுக்குத்தான். டெக்சாஸிலேயே இருப்பவர்கள் மாநிலச் சான்று இருக்கிறதே என்று பதிவகத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள். பிறகு வேறு மாநிலம் போகும்போது அங்கே முதலில் கேட்பது பதிவக அட்டையைத்தான். காலாவதியானதை மீட்க, மறுபடி படிப்பும் மறுபடி தேர்வும்.

கேள்வி: ஒரே நாடு. எதற்கு இத்தனை விதி? ஒன்றிய அரசே ஒரு சட்டம் போட்டுவிடக்கூடாதா? – வாசகர், ஷாம்பர்க், இல்லினாய்

அமெரிக்க அரசியலமைப்பின்படி தொழில் உரிமம் மாநிலங்களின் அதிகாரம். மருத்துவருக்கும் முடி வெட்டுபவருக்கும் மாநிலம்தானே உரிமம் தருகிறது.

1966-இல் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அப்போது நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழ பாதியை நடத்தியவர்கள் சவ அடக்கம் செய்யும் நிறுவனத்தார். படுக்க வைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது! அதே ஆண்டு வந்த நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டத்தால் போக்குவரத்துத் துறைக்கு இதில் கால் பதிந்தது. பாடத்திட்டம் இன்றும் அந்தத் துறையின் சாலைப் பாதுகாப்பு அமைப்பிலிருந்து வருவது அதனால்தான். 1973 சட்டம் வட்டார அமைப்புகளை உருவாக்கப் பணம் கொடுத்தது. 1981-இல் அந்தப் பணம் மாநிலங்களுக்கான மொத்த மானியத்தில் கரைந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் போயிற்று. ஒன்றிய அரசு மாதிரி வரையறை எழுதும். ஏற்பதும் மாற்றுவதும் மாநிலத்தின் விருப்பம். நியூயார்க் நெடுங்காலம் தன் சொந்த எழுத்துத் தேர்வையே நடத்தி வந்திருக்கிறது.

கேள்வி: இ.எம்.டி. வகுப்புகள் சில மூன்று வாரத்தில் முடிகின்றன, சில ஐந்து மாதம் ஓடுகின்றன. எதில் சேரலாம்? சேருமுன் என்னென்ன பார்க்க வேண்டும்? – வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

வாரக் கணக்கை விடுங்கள், மணிக் கணக்கைக் கேளுங்கள். கலிபோர்னியா விதி குறைந்தது 170 மணி நேரம் கேட்கிறது. அதில் 146 மணி வகுப்பும் செய்முறைக்கூடமும். 24 மணி மருத்துவமனையிலோ ஆம்புலன்ஸிலோ. அந்த 24 மணிக்குள் குறைந்தது 10 நோயாளிகளை நேரில் பரிசோதித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். டெக்சாஸில் குறைந்தபட்சம் 150 மணி. மூன்று வார முகாமிலும் இந்த மணிக்கணக்கைச் சட்டப்படி நிரப்பலாம், நாளுக்குப் பத்து மணி வைத்தால். ஆனால் அதில் படிப்பவர் இரவில் தூங்குவாரா, புத்தகம் படிப்பாரா? வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்குக் கம்யூனிட்டி காலேஜின் ஒரு செமஸ்டர் வகுப்புதான் எங்கள் பரிந்துரை. செலவும் அங்கே குறைவு.

பள்ளி அந்த மாநிலத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று மாநில அல்லது வட்டார முகமையின் பட்டியலிலேயே பாருங்கள். பள்ளியின் விளம்பரத்தை நம்ப வேண்டாம். அங்கீகாரம் இல்லாத பள்ளியின் சான்றிதழோடு தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 24 மணி மருத்துவப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருக்கிறது என்றும் கேளுங்கள். வகுப்பு முடிந்த பிறகும் அதற்கு இடம் கிடைக்காமல் மாதக் கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. கோர்ஸ் முடித்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தேர்வை முடிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறை) அட்டை மருத்துவப் பணியாளருக்கான பி.எல்.எஸ். (அடிப்படை உயிர் காப்பு) நிலையில் இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து கணினியில் மட்டும் முடிக்கும் அட்டை செல்லாது. பொம்மை மேல் கை வைத்துச் செய்து காட்டியிருக்க வேண்டும்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு அமெரிக்க ஆவணங்களில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்திருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும். பள்ளிப் பதிவில் இனிஷியலோடு இருக்கும். தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையும் பதிவகக் கணக்கில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டணமும் போகும். வகுப்பில் சேரும் நாளிலேயே எல்லா இடத்திலும் ஓட்டுநர் உரிமத்தில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்.

கலிபோர்னியாவில் ஆம்புலன்ஸ் ஓட்டவும் வேண்டியிருக்கும் என்றால், மோட்டார் வாகனத் துறையிடம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சான்று தனியாக வாங்க வேண்டும். அதற்கென்று மருத்துவப் பரிசோதனைப் படிவமும் உண்டு. வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் முதல் நாளே இதைக் கேட்கும். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர்கள் வகுப்பில் சேரலாம், தேர்வும் எழுதலாம். சம்பளத்துக்கு வேலை செய்ய வேலை அனுமதி அட்டை தனியே வேண்டும்.

கேள்வி: கணினித் தேர்வு 70-ஆவது கேள்வியில் சட்டென்று நின்றுவிட்டது. என் தோழிக்கு 120 வரை போனது. நான் தோற்றுவிட்டேன் என்று அர்த்தமா? – வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

இல்லை. தேறிவிட்டீர்கள் என்றும் அர்த்தம் இல்லை. இ.எம்.டி. தேர்வில் 70 முதல் 120 கேள்விகள் வரும், நேரம் 2 மணி. ஒவ்வொரு பதிலையும் பார்த்து உங்கள் திறனைக் கணினி மதிப்பிட்டு, அதற்கேற்ப அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்கள், அல்லது கீழே இருக்கிறீர்கள் என்று 95 சதவீத உறுதி வந்த உடனே நிறுத்திவிடும். 70-இல் நின்றால் தெளிவாக மேலே அல்லது தெளிவாகக் கீழே. 120 வரை போகிறவர் கோட்டை ஒட்டியே நடக்கிறார். முடிவு, தேர்ச்சி உண்டா இல்லையா என்பதுதான். கேள்விகள் கடினமாகிக்கொண்டே போவது நல்ல அறிகுறி. ஆனால் தேர்வறையில் அதை அளந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சில கேள்விகள் வெள்ளோட்டத்துக்காகச் சேர்த்தவை, மதிப்பீட்டில் வராது. எவை என்று உங்களுக்குத் தெரியாது. முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது.

2025 ஏப்ரலில் பாடப் பிரிப்பு மாறிவிட்டது. முன்பு சுவாசப் பாதை, இதயம், காயம் என்று உடலை வைத்துப் பிரித்தார்கள். இப்போது ஒரு அழைப்பு நடக்கும் வரிசைப்படி. சம்பவ இடத்தைக் கணிப்பது, முதல் பரிசோதனை, இரண்டாம் பரிசோதனை, சிகிச்சையும் கொண்டுசெல்வதும், பணி நடைமுறை என ஐந்து பகுதி. இதில் முதல் பரிசோதனைக்கு மட்டும் 39 முதல் 43 சதவீதம். பழைய கேள்வி வங்கியை வாங்கிப் படிப்பவர்கள் கவிழ்வது இங்கேதான். மருந்தின் பெயரும் நோயின் பெயரும் மனப்பாடமாக இருக்கும். 'முதலில் என்ன செய்வீர்கள்' என்ற கேள்வியில் நான்கு விடையும் சரிபோலத் தெரியும். நான்கும் செய்ய வேண்டியவைதான். எது முதலில் என்பதே தேர்வு. மூச்சுப் பாதையில் ரத்தம் தேங்கி நிற்பவருக்கு ஆக்சிஜன் கொடுப்பதற்கு முன் உறிஞ்சி எடுக்க வேண்டும். ரத்தம் பீறிட்டு அடிக்கிறது என்றால் அதை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் முன்.

எண்களையும் புதிய புத்தகத்திலிருந்தே படியுங்கள். நாடித்துடிப்பு இருந்தும் மூச்சு இல்லாத குழந்தைக்கு 3–5 விநாடிக்கு ஒரு மூச்சு என்று பழைய புத்தகம் சொல்லும். 2020 முதல் அது 2–3 விநாடிக்கு ஒன்று.

ஒருவேளை தேறவில்லை என்றால் 15 நாள் கழித்து மறுபடி எழுதலாம். மூன்று முறை தவறினால் மீள்பயிற்சி எடுத்துக்கொண்டு இன்னும் மூன்று வாய்ப்பு. ஆறும் போனால் கோர்ஸையே மறுபடி படிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கட்டணம் 100 டாலருக்குச் சற்று மேல்.

கேள்வி: எழுத்துத் தேர்வை விடச் செய்முறைத் தேர்வுதான் பயமாக இருக்கிறது. எங்கே பிடிப்பார்கள்? – வாசகர், சாண்ட்லர், அரிசோனா

இ.எம்.டி. நிலையில் செய்முறைத் தேர்வை நடத்துவது மாநிலம், அல்லது மாநிலம் அனுமதித்த பள்ளி. மதிப்பீட்டுத் தாள் ரகசியம் அல்ல, பள்ளியிலேயே கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சொல்லிப் பழகாதவர்கள்தான் தவறுகிறார்கள். புள்ளி குறைந்து தோற்பவர்கள் குறைவு. தாளின் அடியில் ஆபத்தான பிழைகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒன்றில் டிக் விழுந்தால், மற்றதெல்லாம் முழுப் புள்ளியாக இருந்தாலும் அந்த நிலையத்தில் (ஒவ்வொரு திறனையும் தனித்தனியே சோதிக்கும் இடம்) தோல்வி.

அந்தப் பட்டியலில் கையுறையும் இருக்கிறது. போட்டுக்கொண்டேன், இடம் பாதுகாப்பானதா என்று பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் நினைத்தால் தேர்வாளருக்குக் கேட்காது. நம் பிள்ளைகள் வாத்தியார் முன்னால் அடக்கமாக, வாய்க்குள்ளேயே பேசிப் பழகியவர்கள். இங்கே அது ஆகாது, உரக்கப் பேசச் சொல்லுங்கள்.

காயம்பட்டவரைப் பரிசோதிக்கும் நிலையத்துக்கு 10 நிமிடம். மூச்சுப் பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் மூன்றையும் சரிசெய்யாமல் தலை முதல் கால் வரை தடவிப் பார்க்கத் தொடங்கினால் தோல்வி. நோயாளியை உடனே கொண்டுபோக வேண்டுமா, நின்று பார்க்கலாமா என்ற முடிவை அந்தப் பத்து நிமிடத்துக்குள் சொல்லாவிட்டாலும் தோல்வி.

ஆம்பு பேக் (கையால் பிழிந்து மூச்சு கொடுக்கும் பை) நிலையத்தில் கை நடுங்குவதால் வேகம் கூடிவிடும். பெரியவருக்கு நிமிடத்துக்கு 10 முதல் 12, அதற்கு மேல் கூடாது. பையை முழுவதும் பிழியாதீர்கள்; நெஞ்சு மேலெழுவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும். அதிகம் அடித்தால் காற்று வயிற்றுக்குள் போய், வாந்தி வந்து, அது நுரையீரலுக்குள் இறங்கும். விதி அதற்காகத்தான். உறிஞ்சும் குழாயை உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது. வெளியே எடுக்கும்போது உறிஞ்ச வேண்டும், 10 விநாடிக்கு மேல் போகக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் 30 விநாடிக்கு மேல் காற்று கொடுப்பதை நிறுத்தினால் தோல்வி.

ஆக்சிஜன் நிலையம் எளிது என்று நினைத்து அசட்டையாக இருப்பார்கள். சிலிண்டர் வாயை ஒரு நொடி திறந்து மூடித் தூசியை வெளியேற்ற வேண்டும். ரெகுலேட்டரைப் பூட்டிக் கசிவு பார்க்க வேண்டும், அழுத்தத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். நான்-ரீபிரீதர் மாஸ்க்கின் (பையோடு இணைந்த ஆக்சிஜன் முகமூடி) பையை முதலில் நிரப்பி, அப்புறம்தான் முகத்தில் வைக்க வேண்டும். பை காலியாக இருக்கும்போதே மாட்டினால் நோயாளி மூச்சுத் திணறுவார், புள்ளியும் போகும். ஓட்டம் 10 முதல் 15 லிட்டர். நோயாளி மூச்சை இழுக்கும்போது பை முழுக்கச் சுருங்கிப்போனால் ஓட்டத்தைக் கூட்டுங்கள். டி அளவு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்ற கணக்கும் கேட்கலாம்: அழுத்தத்தில் 200 கழித்து, 0.16-ஆல் பெருக்கி, ஓட்டத்தால் வகுக்க வேண்டும். 2,000 பி.எஸ்.ஐ. அழுத்தம் உள்ள சிலிண்டரில் 15 லிட்டர் ஓடினால் 19 நிமிடம்தான். நாலாவது மாடியிலிருந்து நோயாளியை இறக்க அது போதுமா என்று யோசிப்பவருக்கு இந்தக் கணக்கு மறக்காது.

ரத்தக்கசிவு நிலையத்தில் நேரடி அழுத்தம், நிற்கவில்லை என்றால் டூர்னிகே (ரத்தத்தை நிறுத்தும் இறுக்கப் பட்டை). காயத்துக்கு 5 முதல் 8 செ.மீ. மேலே, மூட்டின் மேல் கட்டக் கூடாது, ரத்தம் நிற்கும்வரை முறுக்கி நேரத்தைக் குறிக்க வேண்டும். வலிக்கிறது என்று நோயாளியாக நடிப்பவர் கத்துவார், தளர்த்திவிடாதீர்கள்.

கேள்வி: கொலராடோவில் இ.எம்.டி. ஒருவர் டிரிப்ஸ் ஏற்றுவதைப் பார்த்தேன். எங்கள் மாநிலத்தில் கூடாது என்கிறார்கள். யார் சொல்வது சரி? – வாசகர், அட்லாண்டா

இருவரும் சரி. 2019-இல் புதுப்பித்த தேசிய மாதிரி வரையறையில் நான்கு படிகள்: முதல் உதவியாளர், இ.எம்.டி., மேல்நிலை இ.எம்.டி., பாராமெடிக். மாதிரியின்படி ரத்தக்குழாயில் ஊசி குத்துவது மூன்றாம் படியில்தான் தொடங்குகிறது. கொலராடோ கூடுதல் பயிற்சி முடித்த இ.எம்.டி.க்கு அதற்குத் தனி அனுமதி தருகிறது. மாதிரி என்பது மாநிலத்தைக் கட்டாது.

பொதுவாக இ.எம்.டி.யின் கையில் இருப்பவை ஆக்சிஜன், வாய்வழி குளுக்கோஸ், நெஞ்சுவலிக்கு மென்று விழுங்க ஆஸ்பிரின், ஓபியாயிடு (அபின் வகை மருந்து) மயக்கத்துக்கு நலாக்சோன், கடும் ஒவ்வாமைக்கு எபிநெஃப்ரின் ஆட்டோ-இன்ஜெக்டர் (பெரியவருக்கு 0.3 மி.கி., சிறு குழந்தைக்கு 0.15). நோயாளியின் சொந்த நைட்ரோகிளிசரினை எடுத்துக்கொள்ள உதவலாம். ஆனால் ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தாலோ, அவர் அண்மையில் வயாகரா வகை மாத்திரை எடுத்திருந்தாலோ கூடாது. இதை வீட்டார் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டுத் தவறவிடுவது தேர்விலும் நடக்கிறது, பணியிலும் நடக்கிறது.

கேள்வி: புதுப்பிக்க 40 மணி நேரம் கேட்கிறார்கள். எங்கள் ஸ்டேஷனில் ஒருவர் 'கையெழுத்துப் போட்டால் போதும், வர வேண்டாம்' என்கிறார். ஆபத்தா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ஆபத்து. 2010-இல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் பக்கம், வராத வகுப்புக்கு வந்ததாகக் கணக்குக் காட்டி மறுசான்று பெற்றவர்கள் 200 பேருக்கு மேல் சிக்கினார்கள். பயிற்சி நடத்தியவர்கள் மட்டுமல்ல, கையெழுத்து மட்டும் போட்டவர்களும் இடைநீக்கம் ஆனார்கள். உரிமம் வழங்கும் எந்த மாநிலமும் இதை நேர்மைக் குற்றமாகப் பார்க்கும். திறமைக் குறைவுக்கு மீள்பயிற்சி உண்டு. பொய்க் கையெழுத்துக்கு அது கிடையாது. பிறகு நர்ஸிங், மருத்துவம் என்று எந்த உரிமத்துக்கு விண்ணப்பித்தாலும் 'முன்பு ஒழுங்கு நடவடிக்கை உண்டா' என்ற கட்டத்தில் இதை எழுத வேண்டும்.

நேர்வழி அவ்வளவு கடினமில்லை. இ.எம்.டி.க்கு இரண்டு ஆண்டில் 40 மணி: 20 தேசியப் பாடத்தில், 10 உள்ளூர்த் தேவைக்கு, 10 உங்கள் விருப்பம். பாராமெடிக்குக்கு இதே பிரிவில் 60. மார்ச் 31 கடைசி நாள். அங்கீகாரம் பெற்ற இணைய வகுப்புகள் உண்டு. மணிக்கணக்கே வேண்டாம் என்றால் கணினித் தேர்வை மறுபடி எழுதிப் புதுப்பிக்கலாம்; நன்றாகப் படிக்கும் மாணவர்களுக்கு அது குறுக்குவழி, முறையானதும்கூட. எந்த ஆம்புலன்ஸ் சேவையிலும் தற்போது இல்லாதவர், சான்றைச் செயலற்ற நிலையில் வைத்துக் காக்கலாம்.

கேள்வி: இ.எம்.டி.யாக ஓராண்டு ஆயிற்று. பாராமெடிக் பள்ளி தேடுகிறேன். எதை நம்புவது? – வாசகி, ராலே, வட கரோலினா

2013 ஜனவரி 1 முதல், தேசிய அங்கீகாரம் பெற்ற, அல்லது அதற்கான பரிசீலனைக் கடிதம் பெற்ற பள்ளியில் படித்தவர்தான் பதிவகத்தின் பாராமெடிக் தேர்வை எழுத முடியும். ஆகவே முதல் வடிகட்டி அது. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் மூன்று எண்களை ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்: எழுத்துத் தேர்வுத் தேர்ச்சி, படிப்பை நடுவில் விடாமல் முடித்தவர்கள், முடித்தபின் வேலையோ மேற்படிப்போ பெற்றவர்கள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் கீழ்க்கோடு. இந்த எண்கள் பொதுவில் வெளியிட வேண்டியவை. கேட்டு வாங்கிப் பாருங்கள். தேர்ச்சி 95 என்று பெருமை பேசும் பள்ளியில், சேர்ந்தவர்களில் பாதிப்பேர் நடுவிலேயே போயிருந்தால் அந்த 95-க்கு மதிப்பில்லை.

படிப்பு ஆயிரம் மணிக்கு மேல் போகும். 2024 நடுவில் பாராமெடிக்குக்கான பழைய தேசியச் செய்முறைத் தேர்வு நிறுத்தப்பட்டது. பள்ளியிலேயே படிப்பு முழுக்கச் சேரும் திறன் பதிவேடும், 110 முதல் 150 கேள்விகள் உள்ள கணினித் தேர்வும்தான் இப்போது. அதனால் பள்ளியில் ஒவ்வொரு திறனுக்கும் கையெழுத்து வாங்குவதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் 108-இல் பணிபுரிந்த அனுபவம் இருக்கிறது. கணவரோடு அமெரிக்கா வருகிறேன். அது செல்லுமா? இந்தியாவில் இப்படி மாநிலத் தேர்வு இல்லையே, ஏன்? – வாசகி, சேலம்

அனுபவம் வேலை நேர்காணலில் உதவும்; உரிமத்துக்கு உதவாது. பதிவகம் இந்தியப் பயிற்சியை நேராக ஏற்பதில்லை. மாநில இ.எம்.எஸ். அலுவலகம் சமமானது என்று ஏற்க வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் பாடத்திட்டம் அனுப்பி வாதாடுவதைவிட ஒரு செமஸ்டர் இ.எம்.டி. வகுப்பே விரைவு. உங்களுக்குப் பாடம் புதிதாக இருக்காது.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அதில் ஏறும் பணியாளர்களுக்கு நிறுவனமே பயிற்சி கொடுத்து வந்தது. சட்டப்படியான பதிவேடு இல்லை. 2021-இல்தான் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் அவசர மருத்துவத் தொழில்நுட்பரும் மேல்நிலைப் பாராமெடிக்கும் இடம்பெறுகிறார்கள். துணை மருத்துவப் பணியாளர் எனப்பட, 2 முதல் 4 ஆண்டில் குறைந்தது 2,000 மணிப் படிப்பு. அதற்கு மேல்நிலைக்கு 3,600 மணி. மாநிலங்கள் தத்தம் கவுன்சிலை அமைக்க வேண்டும். தாமதம் நீண்டதால் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு விதித்தது. மணிக்கணக்கைச் சட்டம் சொல்லிவிட்டது என்பது நல்லது. ஆனால் சில வாரப் பயிற்சியோடு ஏற்கெனவே வண்டியில் ஓடிக்கொண்டிருப்பவர்களை எந்தப் படியில் வைப்பது என்பதுதான் கவுன்சில்களுக்கு முன்னால் உள்ள உண்மையான வேலை என்பது எங்கள் கருத்து.

கேள்வி: பணியில் இல்லாத நேரத்தில் கோயிலில் ஒருவர் மயங்கி விழுந்தால் நான் இ.எம்.டி. என்ற முறையில் என்ன செய்யலாம்? – வாசகர், பியர்லேண்ட், டெக்சாஸ்

911-ஐ அழைக்கச் சொல்லுங்கள், மூச்சும் நாடியும் பாருங்கள், இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், ஏ.இ.டி. (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) கொண்டுவரச் சொல்லுங்கள். நல்லெண்ண உதவியாளருக்கான சட்டப் பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு, கூலி வாங்காதவரை. மருத்துவ இயக்குநரின் அனுமதி பணி நேரத்துக்கும் உங்கள் சேவைக்கும் மட்டுமே. பையில் சொந்தமாக மருந்தும் குழாய்களும் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம். கோயில் நிர்வாகத்திடம் ஏ.இ.டி. எங்கே மாட்டியிருக்கிறது, அதன் பேட்டரிக்கும் பேடுக்கும் காலாவதித் தேதி என்ன என்று அடுத்த முறை போகும்போதே கேட்டு வையுங்கள்.